கோயில் துணியில் விழுந்த கரி

ஜெனரேட்டர் ஆபரேட்டர் வேலைக்கு ஒரு சாபம் உண்டு. இன்ஜின் ஓடும்போது யார் வந்து என்ன சொன்னாலும் காதில் விழாது. ஓடாதபோது யாரும் வரவே மாட்டார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிள்ளைப்பாக்கத்துக்கு வெளியே ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. பம்பு செட்டுக்கான வார்ப்படங்களைக் கடைந்து கொடுக்கும் கம்பெனி. லேத்துகள் எல்லாம் முன்பக்கப் பெரிய கூரைக்குக் கீழே இருந்தன. நானும் என் டீசல் இன்ஜினும் காம்பவுண்டின் கடைசி மூலையில். சத்தம் ஆபீஸ் ரூமுக்குக் கேட்கக் கூடாது என்று அவ்வளவு தள்ளி ஷெட் கட்டியிருந்தார்கள்.

நான் தெற்கே விளாத்திகுளம் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, அக்கா வீட்டில் எத்தனை நாள்தான் ஓசிச் சோறு தின்பது என்று ரோஷப்பட்டுக் கிளம்பி வந்தவன். ஸ்ரீபெரும்புதூரில் டயர் கடைக்குப் பின்னால் ஒரு ரூம். கூடத் தங்கியிருந்த இருவரும் நைட் ஷிப்ட்காரர்கள். நான் கிளம்பும்போது அவர்கள் வந்து படுப்பார்கள், நான் திரும்பும்போது அவர்கள் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள். சாவியை வாங்குவதும் கொடுப்பதும்தான் எங்களுக்குள் பேச்சு.

கம்பெனியிலும் அதே கதைதான். எல்லோரும் டீ குடிக்க உட்காரும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். நான் டம்ளரை வைத்துவிட்டு ஓட வேண்டும். திரும்பி வந்தால் பெஞ்சு காலியாகக் கிடக்கும், டீயில் ஆடை படிந்திருக்கும். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "யோவ் ஜென்ரேட்டரு, சீக்கிரம் போடுய்யா" என்பார்கள். கரண்ட் வந்துவிட்டால் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒருவன் ஒரு வார்த்தை கிண்டல் செய்தால் நான் ரெண்டு வார்த்தை சுடச்சுடத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவனிடம் எவன் வலிய வந்து பேசுவான். கொஞ்ச நாளில் நான் வாய் திறப்பது சோறு தின்ன மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

மாசிமாத வெயில் ஏறத் தொடங்கியபோது கரண்ட் கட்டும் ஏறியது. அப்போதுதான் ஒரு நாள் இன்ஜின் இரைச்சலை மீறிக்கொண்டு ஒரு குரல் கேட்டது. யாரோ அடிபட்டுக் கத்துகிறார்கள் என்று பயந்து ஷெட்டை விட்டு வெளியே வந்தேன். குரல் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"யோவ் ஜென்ரேட்டரு. இன்னாய்யா நெனச்சிகினு கீற நீ? கோயில் துணிய்யா இது. மறுபடி மறுபடி தொவைக்க நான் இன்னா உன் வூட்டு வேலைக்காரியா?"

சுவர் என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். உச்சியில் உடைத்துப் பதித்த பாட்டில் துண்டுகள். அந்தப் பக்கம் நட்டிருந்த மூங்கில் கம்புகளின் நுனியும், அவற்றுக்கிடையே கட்டிய கொடியில் தொங்கிய வெள்ளைத் துணியின் மேல் விளிம்பும் மட்டும் எனக்குத் தெரிந்தன. அந்தம்மாவுக்கு என் பக்கம் தெரிந்தது கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாய் மட்டும். அந்தக் குழாய் கன்னங்கரேலென்று புகை கக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "கரண்ட் இல்லைன்னா நான் என்னம்மா செய்ய? கம்பெனிய மூடவா?" என்று நானும் கத்தினேன்.

"உன் கம்பெனிய மூடு, இல்ல உன் வாய மூடு. முதல்ல அந்தப் பொகைய மூடு" என்று பதில் வந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று சாயங்காலம் ரூமுக்குத் திரும்பும்போது அந்தச் சண்டையை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். யாரோ ஒருவர் என்னிடம் முழு வாக்கியமாகப் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அதன் பிறகு கரண்ட் போகும் நாளெல்லாம் அந்தக் குரல் வந்தது. இன்ஜினைப் போட்டுவிட்டு, மெஷின்களின் லோடை அதில் ஏற்றிவிட்டு, சுவரடியில் போய் நின்றுகொள்வேன். இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொள்வோம். இன்ஜின் நின்றதும் அந்தம்மா உள்ளே போய்விடுவார். புகை இல்லாத நேரத்தில் சுவர்ப் பக்கம் அவருக்கு என்ன வேலை. அதனால் நாங்கள் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டதே கிடையாது. கத்தலில் பாதி இரைச்சலில் போய்விடும். மிச்சப் பாதியை நான் ஒட்டுப்போட்டு அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கல்யாணமாகி அரக்கோணம் பக்கம் இருக்கிறாள். ஊரிலுள்ள மாதா கோயிலின் பீடத்துணி, சாமியாரின் வெள்ளை அங்கி, பூசைக்கு உதவும் பிள்ளைகளின் அங்கி எல்லாவற்றையும் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவர் வீட்டு முறை. மாமியார் காலத்திலிருந்து வருகிறதாம். கூலி கிடையாது. கோயிலில் அந்த வீட்டுக்கென்று இருக்கும் மரியாதை அது.

அந்த மரியாதைக்குத்தான் என் புகை உலை வைத்துக்கொண்டிருந்தது.

"போன ஞாயித்துக்கெழம பூசையில சாமியாரு அங்கியில தோள்ல புள்ளி புள்ளியா கரி. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. இனிமே துணிய வேற வூட்டுக்குக் குடுத்துடலாம்னு பேசிகினு கீறாங்களாம். ஈஸ்டர் வருது. அதுக்குள்ள நீ எதனா பண்ணல, நான் சாமியாரக் கூட்டிகினு உன் மேனேஜர் கிட்ட வந்து உன் சீட்ட கிழிச்சிடுவேன், சொல்லிட்டேன்."

நான் "சரிம்மா, பாக்கேன்" என்று கத்தினேன். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. துணி கைமாறிவிட்டால் அந்தக் கொடியில் வெள்ளைத் துணி தொங்காது. துணி தொங்கவில்லை என்றால் அந்தக் குரல் வராது. அந்த ஒரு குரலை விட்டால் எனக்கு அங்கே பேச்சுத்துணை என்று ஒரு நாய்கூடக் கிடையாது. எனக்கு அது பெரிய பயமாக இருந்தது. புகை நின்றாலும் அந்தக் குரல் நின்றுவிடும் என்பது அப்போது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

புகைக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி மாதிரி டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தன. காற்று வடிகட்டியைக் கழுவி எண்ணெய் மாற்றினேன். ரெண்டு நாள் கொஞ்சம் தேவலை, மறுபடி பழைய குருடி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். மேனேஜரிடம் போய், ஒரு நாள் இன்ஜினை நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் தலையைத் தூக்காமல், "ஓடுது இல்ல? ஓடற குதிரைய எதுக்குப் புடிச்சுக் கட்டற? போய் வேலையப் பாரு" என்றார்.

வழி காட்டியது அந்தம்மாவின் திட்டுதான். ஒரு நாள் அவர் கத்தியது எனக்கு முழுசாகக் கேட்டது.

"அடுப்புக்கரின்னா தட்டினா போய்டும்யா. இது எண்ணெப் பிசுக்கு. தட்டினா ஈஷிக்குது. சலவ சோடா போட்டுக் கொதிக்க வெச்சாதான் வுடுது. எண்ணெய எரிக்கிறியா டீசல எரிக்கிறியா நீ?"

சுவரடியில் நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீசல் சரியாக எரியாவிட்டால் விழுவது உலர்ந்த கரி. பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் எங்கோ வழி தேடிக் கூடவே எரிகிறது. உள்ளே ஓடிப்போய் இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணெதிரிலேயே இருந்தது கோளாறு. தினமும் துடைக்கிற இடம்தான்.

ஓடும் இன்ஜினின் வயிற்றுக்குள் எண்ணெய் ஆவி சேரும். அதை வெளியே விட பிரீதர் என்று ஒரு குழாய் உண்டு. அதன் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் கக்கும், அது அதன் சுபாவம். எங்கள் மேனேஜருக்கு ஷெட்டின் தரையைப் பச்சை பெயிண்ட் அடித்துக் கண்ணாடி போல வைத்திருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்க வருகிற பெரிய மனிதர்களைக் கடைசியாக அங்கே கூட்டிவந்து, "எங்க ஜெனரேட்டர் ரூம் பாத்தீங்களா, ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது" என்று காட்டுவார். அவருக்காக எனக்கு முன்னால் இருந்தவன் செய்த காரியம், பிரீதரின் வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் காற்று இழுக்கும் குழாயிலேயே சொருகிவிட்டிருந்தான். தரை சுத்தமாகிவிட்டது. ஆவியும் எண்ணெயும் ரோட்டுப் புழுதியோடு கலந்து காற்றுப் பாதைக்குள் படிந்தன. அந்தப் பாதைக்கு அடியிலேயே புகை போகிற குழாய் கொதித்துக்கொண்டு போகிறது. படிந்ததெல்லாம் அந்தச் சூட்டில் வெந்து கரியாகிவிட்டது. காற்று போக வழி குறுகக் குறுகப் புகை கூடியது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ரப்பர் குழாயை இன்ஜினோடு பிறந்தது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்ல நான் மேனேஜர் ரூமுக்குக் கிளம்பும் முன்பே அவர் ஆள் அனுப்பிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம். போனபோது மேஜையில் ரெண்டு காலி காபி டம்ளர்கள் இருந்தன.

"சாமியாரும் அந்தம்மாவும் இப்பதான் போறாங்க" என்றார் மேனேஜர். "ஊர்க்காரங்களப் பகைச்சிக்க முடியாது. அதனால சொல்லிட்டேன். அந்த ஆள் சரியில்லம்மா, அவன வேலைய விட்டு எடுத்தாச்சு, திங்கக்கிழமையிலேர்ந்து புது ஆளு, புகையே வராதுன்னு."

"அப்ப எனக்கு வேலை இல்லையா சார்?" என்றேன்.

"யோவ், நீதான்யா புது ஆளு" என்றார் அவர் எரிச்சலாக. "உன் மூஞ்சிய அவங்க யாரும் பாத்ததில்ல. ஆனா சுவத்துக்கிட்ட நின்னு கத்தற வேலையெல்லாம் இன்னியோட நிறுத்து. பழைய ஆளு போயாச்சு, புரியுதா? நாளைக்கு லீவுதான, இன்ஜின என்னவோ பண்ணிக்க. திங்கக்கிழமை புகை வந்துச்சுன்னா, நான் சொன்னது பொய்யாகிடும். அதை நெஜமாக்க வேண்டியிருக்கும்."

ஆக, நான் வேலையை விட்டுப் போய்விட்டேன், வேலையிலும் இருந்தேன். ரூமுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வேலை தப்பியதில் சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. அந்தம்மா கடைசியில் என் சீட்டைக் கிழித்தே விட்டார் என்று அழுகைதான் வந்தது. அவர் மேல் கோபமும் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு முன்பக்கம் போய்ப் படுத்துவிட்டார். கம்பெனியில் வேறு ஈ காக்கை இல்லை. ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். காற்று இழுக்கும் குழாய், நாங்கள் இன்லெட் மேனிஃபோல்டு என்போம், அதன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ரெண்டு போல்ட்டு அசைய மறுத்தன. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு உட்கார்ந்து காத்திருந்து, பேச்சுக் கொடுத்துக் கழற்றினேன். பேச்சு என்றால் கெட்ட வார்த்தைதான். அதையும் சுவருக்குக் கேட்காமல் முணுமுணுக்க வேண்டியிருந்தது.

குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு டம்ளர் நுழைய வேண்டிய வாயில் ரெண்டு விரல்தான் நுழைந்தது. மேலே மை மாதிரி பிசுபிசுப்பு, அதற்குக் கீழே அடுக்கடுக்காகக் கெட்டிக் கரி. இத்தனை நாள் எப்படித்தான் மூச்சு விட்டதோ அந்த இன்ஜின். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், உடைந்த ரம்பப் பிளேடால் சுரண்டினேன். மேல் அடுக்கு வழுக்கியது, கீழ் அடுக்கு கல்லாக நின்றது. பாதிக் காலை அதில் போயிற்று. அப்புறம்தான் சலவை சோடா ஞாபகம் வந்தது. வாட்ச்மேனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் வாங்கிவந்து, பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர் நிரப்பிச் சோடாவைக் கொட்டி, உடைந்த பலகைகளைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். மூட்டுவதற்கு முன்னால் எச்சில் தொட்டு விரலைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். விறகுப் புகை வேறு அந்தப் பக்கம் போய்த் தொலைந்தால் புது ஆளின் மானமும் போய்விடும்.

வார்ப்பிரும்புக் குழாய் என்பதால் சோடா அதை ஒன்றும் செய்யாது. அது கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு இன்ஜின் பக்கம் வந்தேன். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் காற்று நுழையும் ஓட்டைகளும் அதே கோலம்தான். அங்கே கொதிக்க வைக்க முடியாது, கையால்தான் எடுக்க வேண்டும். ஒரு துணுக்குக் கரி உள்ளே விழுந்தாலும் வால்வு சரியாக உட்காராது, பிறகு இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். கடப்பாரையால் ஃப்ளைவீலை நெம்பிச் சுற்றி, எந்த ஓட்டையைச் சுரண்டுகிறேனோ அதன் வால்வு மூடியிருக்கும்படி நிறுத்திக்கொண்டேன். மற்ற ஓட்டைகளில் துணியை அடைத்தேன். சைக்கிள் ஸ்போக்கின் நுனியைத் தட்டிச் சப்பையாக்கி, அதில் கிரீஸ் தடவிச் சுரண்டினால் உதிர்கிற கரி கிரீஸிலேயே ஒட்டிக்கொள்ளும். துடைக்க வேண்டும், மறுபடி தடவ வேண்டும், சுரண்ட வேண்டும். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிற்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தை விரலால் தடவித் தடவித்தான் பார்க்க முடியும். அந்த வேலையில் அவசரம் என்பது உதவாது. எனக்கு அவசரமாகப் போக வேண்டிய இடமும் எதுவும் இல்லை.

டிரம்மிலிருந்து குழாயை வெளியே எடுத்தபோது கரி பாளம் பாளமாக உரிந்து வந்தது. தண்ணீர் கறுப்புக் கஞ்சியாக இருந்தது. நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்து, சைக்கிள் பம்பால் உள்ளே ஊதிக் காயவைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து, இடுக்கை அடைக்கும் புது கேஸ்கட் தாளைக் குழாயின் விளிம்பு மேல் வைத்து, சின்னச் சுத்தியால் ஓரம் தட்டி அளவெடுக்க ஆரம்பித்தேன். டொக் டொக் என்று சத்தம். வெளியே சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"யாரு? புதுசா வந்த தம்பியா?"

சுத்தி அந்தரத்தில் நின்றது. அந்தம்மாவின் குரல்தான், ஆனால் நான் கேட்டிராத குரல். கத்தாமல், தாழ்வாக, இனிமையாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம கூடவா வர சொல்றாங்க உன்ன? நல்லா பண்ணு தம்பி, நல்லாருப்ப. சாப்ட்டியா?"

நான் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் போட்ட கட்டளை ஒரு பக்கம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்பது இன்னொரு பக்கம். சாப்பிட்டியா என்று ஊரை விட்டு வந்த பிறகு என்னை யாரும் கேட்டதில்லை. அந்தம்மாவும் கேட்டதில்லை. இப்போதும் என்னைக் கேட்கவில்லை, எவனோ புதுசாக வந்தவனைக் கேட்கிறார். இவன் யார் பெரிய கவர்னர், வந்த அன்றே தம்பியாம், சாப்பாடாம். எனக்கு யோவ், இவனுக்குத் தம்பி. நானே எனக்குப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்று எனக்கு அது சிரிப்பாக இல்லை. பதில் வராததால் அந்தம்மா கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் மாட்டினேன். உள்ளே அடைத்த துணிகளை ஞாபகமாக எடுத்தேன். பிரீதரின் வாய்க்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். எண்ணெய் அதில் சொட்டிக்கொள்ளட்டும், மேனேஜரின் பச்சைத் தரையும் பிழைத்துப்போகட்டும்.

திங்கட்கிழமை கரண்ட் போனதும் இன்ஜினைப் போட்டேன். முதலில் குழாய் ஒரு முறை கறுப்பாகத் துப்பியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. முழு லோடு ஏறிய பிறகும் குழாய் வாயில் வெறும் அனல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்து அண்ணாந்து பார்த்தார், "ம்" என்றார், போய்விட்டார். லேத் பக்கத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விளக்கு எரிகிறது, மெஷின் ஓடுகிறது, வேறென்ன வேண்டும் அவர்களுக்கு.

சுவருக்கு மேலே வெள்ளைத் துணி ஏறியது, இறங்கியது. குரல் மட்டும் வரவில்லை. புகை இல்லாதபோது சுவர்ப் பக்கம் அவருக்கு என்ன வேலை என்று சொன்னேன் அல்லவா. நான் இன்ஜினைப் போட்டுவிட்டு வழக்கம்போல சுவரடியில் போய் நிற்பேன். ஒரு கந்தலைச் சுருட்டிக் காற்று வடிகட்டியின் வாயில் செருகினால் போதும், புகை கிளம்பிவிடும், யோவ் என்ற குரலும் வந்துவிடும். நினைத்தேன். ரெண்டு மூன்று தடவை நினைத்தேன். கோயில் துணி ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் ஏறும் பெண்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பேன், அந்தக் குரல் இதில் இருக்கிறதா என்று. அவர் முகம் எனக்கு எப்படித் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஒரு நாள் கரண்ட் வந்து, நான் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தேன். நின்ற இன்ஜின் சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"தம்பி, கீறியா?"

எழுந்துவிட்டேன். பழைய ஆள்தானே பேசக் கூடாது, புது ஆள் பேசலாம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, "இருக்கேம்மா" என்றேன். என் குரலைக் கேட்டு அவருக்குச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. இதற்கு முன் அவர் கேட்டதெல்லாம் என் கத்தல்தானே. நாங்கள் கத்தாமல் பேசிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

"சத்தம் நிக்கட்டும்னுதான் காத்துகினு இருந்தேன். ஒண்ணு கேக்கணும். உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான் இங்க. அவன் இப்ப எங்க கீறான்னு உனக்குத் தெரியுமா?"

"எதுக்கும்மா கேக்குறீங்க?" என்றேன்.

"அவன் வேலைய நான்தாம்பா புடுங்கிட்டேன். சும்மா மிரட்டி வெக்கட்டும்னுதான் சாமியாரக் கூட்டிகினு வந்தேன். இந்த மேனேஜரு ஒரேயடியா அனுப்பிட்டேன்றான். அன்னிக்கிலேர்ந்து சோறு எறங்கல. பாவசங்கீர்த்தனத்துல போய் சொன்னேன், சாமி, எங்கயோ தெக்கேர்ந்து பொழைக்க வந்த புள்ள வயித்துல அடிச்சிட்டேன்னு. சாமியாரு சொன்னாரு, போய் விசாரி, அவன் நல்லாருக்கறானான்னு தெரிஞ்சிக்கோ, அதான் உனக்கு அபராதம்னு. பெரிய வியாழனுக்கு பீடத்துணி விரிக்கணும். அந்தக் கையால விரிக்க மனசு வரல தம்பி."

நாந்தாம்மா அது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார். அந்த வாயை எனக்குத் தெரியாதா. நேரே மேனேஜரிடம் போய்ப் பிடி பிடியென்று பிடித்திருப்பார், மேனேஜர் சொன்ன பொய் அன்றே என் தலையில் நிஜமாக விடிந்திருக்கும். ஆனால் பொய்யும் சொல்ல மனசில்லை.

"அவரு நல்லாருக்காரும்மா" என்றேன்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"ஒரே ரூம்லதாம்மா இருக்கோம்."

"அப்டியா?" குரலில் ஒரு சின்னத் துள்ளல். "வேல கெடச்சிதா?"

"கெடச்சிருச்சும்மா. இதே இன்ஜின் வேலைதான்."

"அப்பாடா. மாதாவே." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்ன பத்தி எதனா சொன்னானா? கோவமா கீறானா?"

"கோவம்லாம் இல்லம்மா. இங்க அவருட்டப் பேசுறதுக்கு வேற ஆளே கிடையாதாம். நீங்க திட்டுறதுதான் அவருக்குப் பேச்சுத்துணையாம். அது இல்லாமப் போச்சேன்னுதான் வருத்தப்பட்டாரு."

நான் சுவரோடு காதை ஒட்டிவைத்தேன். போய்விட்டாரோ என்று நினைத்தேன். போகவில்லை.

"பைத்தியக்காரன்" என்றார். குரல் கம்மியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "தம்பி, அவன்கிட்ட சொல்லு. ஈஸ்டர் அன்னிக்கி என் வூட்டுக்கு சாப்ட வரச் சொல்லு. கோயிலாண்ட வந்து பீடத்துணி தொவைக்கிற வூடுன்னு கேட்டா காட்டுவாங்க. கறிக்கொழம்பு வெப்பேன். நீயும் கூட வா. ரெண்டு பேரும் வரணும்."

"சரிம்மா" என்றேன். "ரெண்டு பேரும் வர்றோம்."

அந்த வாரம் பூராவும் அதே நினைப்பாக இருந்தேன். சட்டையைத் துவைத்துப் பெட்டி போட்டு வாங்கி வைத்தேன், நகக்கண்ணில் இருந்த கரியைச் சோடா போட்டுத் தேய்த்தேன். ஈஸ்டர் அன்று குளித்து, சட்டை மாட்டி, டயர் கடை வாசல் வரை வந்தேன். அதற்கு மேல் போகவில்லை. தனியாகப் போய் நின்றால், இன்னொருத்தன் எங்கே என்று அந்தம்மா கேட்பாரே.